யார் எப்போது மூச்சு எடுப்பது

அந்தச் சனிக்கிழமை அறையில் இருந்தவர்கள்: பள்ளியின் சேர்ந்திசைக் குழுப் பிள்ளைகள் பதினாறு பேர், அவர்களில் ஒருத்தி என் அக்கா மகள், பெயருக்குப் பொறுப்பாளராகப் போடப்பட்டு மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், இரவு வேலை முடித்து நேராக வந்து, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த நான். கதவு பூட்டியிருந்தது. சாவி லாரியிடம் இருந்தது.

லாரி என்பது ஒரு நெட்டைப் பையன். குரல் உடைந்து கனத்துவிட்டது. அவன் பின்னாலிருந்து வணக்கம் சொன்னால் ஓரமாக ஒதுங்கி வழிவிடத் தோன்றும். அதனால் அந்தப் பெயர்.

நான் வந்தது இரண்டு நிமிட வேலைக்கு. வாத்தியாரைப் பார்த்து 'எங்க பொண்ணை நிறுத்திக்கறோம்' என்று சொல்ல வேண்டும், அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அக்காதான் அனுப்பினாள். மச்சான் நெடுந்தூர வண்டி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்தப் பாதி நாட்களில் வெளியே போய்ப் பேச வேண்டியதெல்லாம் என் தலையில் விழும்.

அக்கா மகளுக்கு இயற்பியலில் மார்க் சரிந்திருந்தது. அக்கா அலைந்து திரிந்து ஒரு டியூஷன் பிடித்துவிட்டாள். அது சனிக்கிழமை காலை. பாட்டுப் பயிற்சியும் சனிக்கிழமை காலை. அடுத்த வாரத்திலிருந்து பெண் எங்கே போக வேண்டும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"பாடி என்னத்தைக் கிழிக்கப் போறா? படிக்கற வயசுல படிக்கலைன்னா என்ன ஆகும்னு வீட்டுலயே உதாரணம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த உதாரணத்தையே அனுப்பியும் வைத்தாள்.

உதாரணம் நான்தான். பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டேன். சோகக் கதை எதுவும் கிடையாது. சலிப்பாக இருந்தது, விட்டேன். இப்போது பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலை. ஓடும் பெல்ட்டில் பெட்டிகள் வரும். விலாசத்தைப் பார்த்து அவனவன் பெட்டியை அவனவன் கூண்டில் எடுத்துப் போட வேண்டும். தும்முவதற்காகத் திரும்பினால் பெட்டி நம்மைத் தாண்டிப் போய்விடும். அடுத்து நிற்பவன் அதைப் பார்ப்பான், எடுக்க மாட்டான். கடைசி வரை போய் விழட்டும், சூப்பர்வைசர் கத்தட்டும் என்று நிற்பான். நானும் அப்படித்தான் நிற்பேன். அதைக் கெட்ட குணம் என்றுகூட நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அந்த அறை விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் இடம். காற்றுப் போன பந்துகள், கிழிந்த வலை, சுருட்டி வைத்த பாய்கள். நான் உள்ளே வந்து வாயைத் திறப்பதற்குள் லாரி கதவைச் சாத்திப் பூட்டிவிட்டான்.

"தம்பி, நான் உடனே போகணும்" என்றேன்.

"முடிஞ்சதும் திறப்பேன் அங்கிள். உக்காருங்க."

வாத்தியாரிடம் போனேன். அவர் நிமிரவில்லை.

"தாழ்ப்பாள் போச்சு. காத்தடிச்சா பாதிப் பாட்டுல கதவு படார்னு திறந்துக்கும். அதனால பசங்க பூட்டிடுவாங்க. ஆரம்பிச்சா முடியற வரைக்கும் யாரும் வரக்கூடாது, போகக்கூடாது. வாரம் ஒருத்தர் சாவி வச்சுப்பாங்க."

"நீங்கதானே சார் வாத்தியார்? நீங்க சொன்னா திறக்க மாட்டாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது வாய்ப்பாடு. வாய்ப்பாட்டு இல்ல. பாட்டு டீச்சர் வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. பெரியவங்க ஒருத்தர் உள்ள இருந்தாத்தான் அறை குடுப்பாங்களாம். அதுக்காக இருக்கேன். நானே போன வாரம் பாத்ரூம் போக முடியாம உக்காந்திருந்தேன். பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

அக்கா மகள் இரண்டாவது வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் சுவர். எதைக் கேட்டாலும் ஒரு 'ம்', மிஞ்சிப் போனால் 'தெரியல'. விருந்தாளி வந்தால் உள்ளறைக்குள் மறைந்துவிடுவாள். ஒருமுறை பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் வராமல் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்தே வீடு திரும்பியவள்.

"நூலு, கொஞ்சம் தள்ளி நில்லுடி. உன் முழங்கை இடிக்குது" என்றாள் கண்ணாடி போட்ட ஒரு குட்டைப் பெண்.

"இடிக்கறது என் முழங்கை இல்ல, உன் பை" என்று பதில் வந்தது. சொன்னது எங்கள் வீட்டுச் சுவர். இங்கே அவள் பெயர் நூலாம். நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

பிறகு தொடங்கினார்கள்.

நான் பாட்டை எதிர்பார்த்தேன். வந்தது ஒரே ஒரு சுரம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று பிடித்தார்கள். அது நீண்டது. நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எந்த மனிதன் மூச்சும் அவ்வளவு நேரம் தாங்காது. மெஷின் ஏதோ ஓடுகிறது என்று நினைத்து ஸ்பீக்கரைத் தேடினேன். பாய்களுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். அங்கே செத்த கரப்பான்பூச்சி ஒன்றுதான் இருந்தது. சுரம் அதே உயரத்தில், அதே கனத்தில், ஒரு நெளிவு இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலியின் இரும்பு என் தொடைக்கடியில் லேசாக அதிர்ந்தது.

பதினாறு வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோரும் மூச்சு எடுத்தார்கள்தான். ஆனால் அது நடக்கும் இடத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் நிறுத்தியதே தெரியாது, மறுபடி சேர்ந்ததும் தெரியாது. ஓடையில் ஒரு கை தண்ணீர் அள்ளினால் பள்ளம் விழுமா? அப்படித்தான் இருந்தது. என் பிடரி மயிர் சிலிர்த்தது. தூக்கக் கலக்கம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

லாரி கையைத் தூக்கினான். நின்றது.

"இதை எப்படிப் பண்றீங்க?" கேட்டுவிட்டேன். கேட்கிற எண்ணமே எனக்கு இல்லை.

எல்லோரும் அக்கா மகளைப் பார்த்தார்கள். உன் வீட்டு ஆள், நீயே சொல் என்பதுபோல.

"ரெண்டு பக்கமும் காதை வச்சுக்கணும் மாமா" என்றாள். "பக்கத்துல இருக்கறவ மூச்சு எடுத்தா நான் எடுக்கக்கூடாது. அவ திரும்பி வந்தப்புறம்தான் நான் போகணும். மூச்சு முட்டற வரைக்கும் இருக்கக்கூடாது, முன்னாடியே போயிடணும். திரும்பி வரும்போது 'நான் வந்துட்டேன்'னு வாசல்ல நின்னு கத்தக்கூடாது. பூனை மாதிரி உள்ள வரணும்."

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

"இவங்க ரெண்டு பேரும்" என்று லாரியையும் கண்ணாடிப் பெண்ணையும் காட்டினாள். "போன வருஷம் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. அதனாலயே பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சோம். பேசலைன்னாலும் மூச்சைக் கேட்டுத்தானே ஆகணும்?"

"இப்பவும் பெருசா ஒண்ணும் பேசறதில்ல" என்றாள் கண்ணாடி.

"இப்ப பேசாம இருந்தாத்தான் ஆச்சரியம். காது வலிக்குது" என்றான் லாரி.

அடுத்து அவர்கள் சுற்று என்று சொல்கிற ஒன்று நடந்தது. ஒவ்வொருவரும் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பக்கத்தில் இருப்பவரின் தப்பைச் சொல்லலாம். தன் தப்பைச் சொல்லாதவனுக்கு அடுத்தவனைப் பற்றிப் பேச உரிமை கிடையாது.

"என் தப்பு, சத்தமா திரும்பி வந்தேன்" என்றான் லாரி. "உன் தப்பு, மூச்சு எடுக்கறப்ப தோள் ஏறுது. பஸ் ஸ்டாண்டுல நிக்கறவனுக்கே தெரியும்."

"தோளைத்தான் என் தப்பா சொல்லலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட. இரு, வேற யோசிக்கறேன்" என்றாள் கண்ணாடி.

சிரித்தார்கள். யாருக்கும் முகம் சுண்டவில்லை. எங்கள் கிடங்கில் ஒருவன் இன்னொருவன் தப்பைச் சொன்னால் அன்றைக்குச் சொன்னவன் சைக்கிளில் காற்று இருக்காது.

கடைசியாக முழுப் பாட்டையும் பாட என் முன்னால் வரிசையாக நின்றார்கள். அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையே போட்டியாம். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் பழக்கம் வரும் என்று என்னைப் பார்த்துப் பாடினார்கள். வரிகள் முடிந்த பிறகும் ஒரு சுரம் மட்டும் தனியாக நின்று, மெல்ல மெல்லக் கரைய வேண்டும். போட்டியில் அதுதான் அவர்கள் துருப்புச் சீட்டு.

அந்தச் சுரம் எழுந்தது. அறை நிறைந்தது. எனக்கு உள்ளே என்னவோ இளகியது. இளகிய உடம்புக்கு இரவு முழுக்கத் தூங்காதது ஞாபகம் வந்தது. நான் கொட்டாவி விட்டேன்.

சின்னதாக இல்லை. தாடை கழலுகிற மாதிரி, கண்ணில் நீர் முட்ட, குகை போல வாயைத் திறந்து.

கொட்டாவி ஒட்டுவாரொட்டி. முன்வரிசைப் பையன் ஒருவனின் தாடை துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. கண்ணாடி, லாரி, அதற்கு அடுத்தவன். வரிசை முழுக்க வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. கொட்டாவி என்பதே ஒரு பெரிய உள்மூச்சுதான். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் எடுக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் பழகியவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டார்கள். சுரம் தரை பிளந்ததுபோலக் காணாமல் போனது.

இல்லை. முழுக்கப் போகவில்லை.

அந்தப் பள்ளத்தின் நடுவில் ஒரு குரல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மெல்லியது. நூல் அளவுக்குத்தான் இருந்தது. இரண்டாவது வரிசையில் அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் என் வாயைப் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் விழுந்துவிட்டது காதில் கேட்டிருக்கும். அவள் விழவில்லை. சத்தத்தைக் கூட்டவுமில்லை. எவ்வளவு பிடித்திருந்தாளோ அவ்வளவையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கழுத்தில் நரம்பு தெரிந்தது. முகம் சிவந்தது. மூச்சு தீர்ந்துகொண்டிருக்கிறது, அது எனக்கே தெரிந்தது. நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வாத்தியாரின் பேனா நின்றுவிட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராத பெண், ஒரு அறை முழுவதையும் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ கனமான பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன். அந்த நூல் அளவு கனத்தை நான் தூக்கியதில்லை.

பிறகு அவர்கள் வந்தார்கள். முதலில் லாரி. லாரி போல வரவில்லை, பூனை போல வந்தான். அந்த நூலுக்கு அடியில் தன் குரலை மெதுவாக நீட்டினான். அவன் வந்தது உறுதியான பிறகுதான் அவள் விட்டாள், மூச்சை எடுத்தாள், திரும்பச் சேர்ந்தாள். அடுத்து கண்ணாடி. அடுத்து ஒருவன். ஒவ்வொருவராக அந்த இடத்துக்குத் திரும்பினார்கள். சுரம் மறுபடி நிறைந்து, பிறகு அவர்கள் நினைத்த மாதிரியே, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி கரைந்தது.

வாத்தியார் பேனாவை மூடினார்.

"சுத்து" என்றான் லாரி. "என் தப்பு, கொட்டாவி." பதினைந்து பேரும் அதையே சொன்னார்கள். அக்கா மகள் முறை வந்தது.

"என் தப்பு, எங்க மாமாவை முன்னாடி உக்கார விட்டேன்."

கூரை பறக்கிற சிரிப்பு. எல்லோரும் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள். நானும் சுற்றில் சேர்த்தியாம்.

"என் தப்பு, கொட்டாவி" என்றேன்.

"அடுத்தவங்க தப்பு அங்கிள்?"

"ஒண்ணும் தெரியல."

லாரி கதவைத் திறந்தான். சாவியை அக்கா மகளிடம் நீட்டினான். "அடுத்த வாரம் நூல்."

அவள் கையை நீட்டவில்லை. "நான் வருவேனான்னு தெரியல."

லாரி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வரலைன்னா சாவியையாவது வந்து குடுத்துட்டுப் போ. உன் முறை உன் முறைதான்" என்று அவள் கையில் வைத்து அழுத்தினான்.

வழியில் அவள் கேட்டாள். "என்னை நிறுத்தத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"கதவு பூட்டியிருந்துச்சு."

"அப்புறம் திறந்தாங்களே."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உங்கம்மாகிட்ட நீயே பேசு. உள்ள அத்தனை பேச்சு பேசினியே" என்றேன்.

"அங்க நான் பாதியில நிறுத்தினா யாராச்சும் பிடிச்சுப்பாங்க மாமா. வீட்டுல நிறுத்தினா அவ்வளவுதான்."

வீட்டில் அக்கா கதவருகிலேயே நின்றாள். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

நான் கேட்டதைச் சொல்லப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து ஒரே சத்தத்தைப் பிடித்தார்கள் என்றேன். வாயிலிருந்து வெளியே வந்தபோது அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"சத்தம் போட்டாங்களாம், இவன் மயங்கிட்டானாம். உன்னை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அக்கா, முதல்ல என் தப்பைச் சொல்றேன்..."

"உன் தப்பைச் சொல்ல ஆரம்பிச்சா பொழுது விடிஞ்சிடும். போய்த் தூங்கு." பெண் பக்கம் திரும்பினாள். "அடுத்த சனிக்கிழமை நானே வரேன். சாவியைக் குடுக்கறோம், பேரை எடுக்கறோம், நேரா டியூஷன். என்னடி?"

"ம்" என்றது சுவர்.

அந்த வாரம் பெல்ட்டில் எனக்கு முன்னால் நிற்பவன் இருமலில் குனிந்தான். அவன் பெட்டி அவனைத் தாண்டி என்னிடம் வந்தது. கை தானாகப் போய் எடுத்து அவன் கூண்டில் போட்டது. அவன் நிமிர்ந்து முறைத்தான். "என்னடா, சூப்பர்வைசர்கிட்ட என்னைப் போட்டுக் குடுக்கப் போறியா?" இல்லை என்றேன். ஷிப்ட் முடியும் வரை சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அக்கா, அவள் மகள், நான் மூவரும் போனோம். அக்கா ஒரு கையில் டியூஷன் பையைப் பிடித்திருந்தாள், மறு கையில் பெண்ணின் மணிக்கட்டை. அறை வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். சாவி வந்தால்தான் உள்ளே போக முடியும்.

மகள் கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பிள்ளைகள் உள்ளே போனார்கள். வாத்தியார் போனார். அவள் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

"குடுத்துட்டு வா. நேரமாச்சு" என்றாள் அக்கா.

"அம்மா, என் தப்பை முதல்ல சொல்றேன்." குரல் நடுங்கியது. "பிசிக்ஸ் நான் படிக்கல. புரியலன்னு உன்கிட்ட சொல்லவும் இல்ல. அது என் தப்பு."

அக்கா வாயைத் திறந்தாள்.

"இன்னும் முடிக்கலம்மா. உன் தப்பு ஒண்ணு இருக்கு. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி நீ ஒரு தடவைகூட வந்து எங்க பாட்டைக் கேக்கல."

அங்கே அவள் பேச்சு நின்றுபோனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வாய் என்னை அறியாமல் திறந்தது. "இன்னைக்கு ஒரு நாள் கேட்டுட்டுச் சொல்லுக்கா" என்றேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

மகள் மூச்சை எடுத்தாள். "இன்னைக்கு ஒரு நாள் உள்ள உக்காரும்மா. முடிஞ்சப்புறம் நீ நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடறேன். சத்தியமா."

அக்கா அவளையே பார்த்தாள். தன் பெண் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இது யார் வீட்டுப் பிள்ளை என்கிற பார்வை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததாடா?"

"எனக்கே தெரியாதுக்கா இதெல்லாம்."

உள்ளேயிருந்து லாரி இரும்பு நாற்காலியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "வாங்க ஆன்ட்டி. உக்காருங்க."

அந்தக் கனத்த குரலுக்கு அக்கா தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கினாள். ஒதுங்கிய காலை வாசலுக்குள் வைத்தாள். டியூஷன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒரு தடவைதான்" என்று யாரிடமோ சொன்னபடி உள்ளே போனாள்.

நானும் ஓர் அடி எடுத்து வைத்தேன். அக்கா மகள் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நீங்க வெளிய இருங்க மாமா. கொட்டாவி விடுவீங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே அக்கா, "ஏய், எதுக்குடி பூட்டறே?" என்றாள். சாவி ஒரு முறை திரும்பியது.